மூல ஓலை எங்கே?

கரும்புக்குத் தண்ணி திருப்பி விட்டுட்டு மோட்டார் கொட்டாயில உட்கார்ந்து எழுதறேன். கரண்டு போறதுக்குள்ள முடிக்கணும். இந்த முறை விவசாயம் இல்லை, கோர்ட்டு. கொஞ்சம் பழைய கதையும் வரும். பொறுமையா படிங்க.

முதல்ல எங்க வரப்புத் தகராறைச் சுருக்கமா சொல்லிடறேன். 2024 கார்த்திகையில ஃபெஞ்சல் புயல் வந்தது. மழை கொட்டித் தீர்த்துச்சு. சாத்தனூர் அணையில திறந்துவிட்ட தண்ணியும் சேர்ந்து தென்பெண்ணை கரை புரண்டது. எங்க பக்கம் பல கழனியில வரப்பு எது, வாய்க்கால் எதுன்னே தெரியாம மணல் மேவிடுச்சு. தண்ணி வடிஞ்சு பத்து நாள் இருக்கும். பக்கத்துக் கழனிக்காரர் பொக்லைன் வெச்சு புது வரப்பு போட்டார். பக்கத்துக் கழனிக்காரர்னா வேற யாரும் இல்லை, என் சித்தப்பா மகன்தான், தம்பி முறை. அந்த வரப்பு எங்க கழனிக்குள்ள நாலு அடி வந்துடுச்சு. எனக்குத் தண்ணி வர்ற வாய்க்காலும் அந்த நாலு அடிக்குள்ள மாட்டிக்கிச்சு. மண்ணுக்காகக் கூட இல்லை, அந்த வாய்க்காலுக்காகத்தான் தை மாசம் கோர்ட்டுக்குப் போனேன்.

பொக்லைன் ஓடறப்ப நான் போன்ல வீடியோ எடுத்து வெச்சிருந்தேன். பழைய எல்லைக்கல்லைப் பிடுங்கி ஓரமாப் போடறது அதுல தெளிவா இருக்கு. இதைவிட என்ன சாட்சி வேணும்னு தைரியமா இருந்தேன்.

போன வாரம் வாய்தாவுக்குப் போனப்ப எங்க வக்கீலம்மா கேட்டாங்க: “அண்ணே, அந்த வீடியோ எடுத்த போனை கொண்டாந்தீங்களா?”

“அந்தப் போனா? அதை சித்திரையிலயே மாத்திட்டேன்மா. எக்சேஞ்சுல 1,500 ரூபாய் கழிச்சாங்க. வீடியோ எங்கயும் போகலை. பொண்ணுக்கு வாட்ஸப்ல அனுப்பினது அப்படியே இருக்கு.”

வக்கீலம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாங்க: “பத்திரத்தை வித்துட்டு ஜெராக்ஸை வெச்சிருக்கீங்கண்ணே.”

அந்த ஒரு வார்த்தை பஸ்ல வர்ற வழியெல்லாம் மண்டையில ஓடிக்கிட்டே இருந்தது. பஸ் திருவெண்ணெய்நல்லூர்ல நின்னப்ப சட்டுனு தோணுச்சு. இதே கேள்வியை இதே ஊர்ல ஒருத்தர்கிட்ட எப்பவோ கேட்டிருக்காங்களே!

திருவெண்ணெய்நல்லூர் வழக்கு

எங்க பக்கத்துல சின்னப் பிள்ளைங்களுக்குக் கூட இந்தக் கதை தெரியும். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டுல பெரியபுராணத்துல எழுதினது. சுந்தரருக்குக் கல்யாணம். மணப்பந்தல்ல ஒரு கிழவர் வந்து நின்னு, “இவன் எனக்கு அடிமை. இவன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்கிட்ட இருக்கு”ங்கறார். சுந்தரருக்குக் கோவம். ஓடிப்போய் ஓலையைப் பிடுங்கிக் கிழிச்சுப் போட்டுடறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்கு வருது.

பக்தியோட படிக்கறவங்க பக்தியோட படிக்கட்டும். நான் இந்த முறை ஒரு வழக்காளியா படிச்சுப் பார்த்தேன். அசந்துட்டேன். சபையில இருந்தவங்க வந்தவர் வயசானவர்னு பார்த்துத் தீர்ப்பு சொல்லலை. நீ சொல்றதுக்கு ஆதாரம் என்னன்னு கேட்கறாங்க. மூணு வகை ஆதாரத்துல ஒண்ணு காட்டணும். ஒண்ணு, வழிவழியா அனுபவிச்சு வர்ற வழக்கம். இன்னொண்ணு, எழுத்து. மூணாவது, கண்ணால பார்த்த அயலார் சாட்சி. இன்னிக்கு வரப்புத் தகராறுல வக்கீல் கேட்கறதும் இதே மூணுதான். அனுபவம் யாருது, பத்திரம் என்ன சொல்லுது, பார்த்தது யாரு.

அடுத்து கிழவர் சொல்றதுதான் முக்கியம். பந்தல்ல கிழிஞ்சது படி ஓலையாம், அதாவது நகல். மூல ஓலை பத்திரமா இருக்காம். அதை எடுத்துக் காட்டறதுக்கு முன்னாடி, இவன் இதையும் கிழிச்சிடாம நீங்கதான் பொறுப்புன்னு சபைகிட்ட உறுதி வாங்கிக்கறார். சபையோட கணக்கர் ஓலையை வாங்கிப் பிரிச்சுப் படிக்கறார். அதோட விடலை. சுந்தரரோட பாட்டன் எழுதின வேற ஓலை ஒண்ணைக் காப்பிலிருந்து வரவழைச்சு, ரெண்டு கையெழுத்தும் ஒண்ணுதானான்னு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்பு. இன்னிக்கும் அந்தக் கோயில்ல வழக்கு தீர்த்த மண்டபம்னு ஒரு இடத்தைக் காட்டுவாங்க.

மூலமா நகலா? எழுதினது யாரு? இத்தனை நாள் யார் கையில இருந்தது? இந்த மூணு கேள்வியை மனசுல வெச்சிக்கங்க. ஓலை போய் காகிதம் வந்தது, காகிதம் போய் டேப் வந்தது, இப்ப போன் வந்திருக்கு. கோர்ட்டு ஒவ்வொண்ணையும் சந்தேகமாப் பார்த்து, தாமசமா, முனகிக்கிட்டேதான் உள்ள விட்டிருக்கு. ஆனா வாசல்ல நிறுத்திக் கேட்ட கேள்வி மட்டும் மாறவே இல்லை.

கற்பூரத்துல இருந்து கைரேகைக்கு

இந்த வழக்கு கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி எங்க சித்தி ஒரு வழி சொன்னாங்க. “கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணிட்டு முடிச்சிக்கங்கடா.” சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, சித்தி சொன்னது ஒரு காலத்துல சட்டமாவே இருந்திருக்கு. 1873ஆம் வருஷத்து இந்திய சத்தியப் பிரமாணச் சட்டத்துல இதுக்கு இடம் உண்டு. “எதிராளி இன்ன மாதிரி சத்தியம் செஞ்சா நான் கட்டுப்படறேன்”னு ஒருத்தர் கோர்ட்டுல ஒத்துக்கிட்டு, எதிராளியும் அப்படியே செஞ்சுட்டா முடிஞ்சது கதை. அந்தச் சத்தியமே முடிவான ஆதாரம். 1969ல புதுச் சட்டம் வந்தப்பதான் இந்த ஏற்பாட்டை எடுத்தாங்க.

ஒரே ஊர்ல, ஒரே சாமிக்குப் பயந்து எல்லாரும் இருந்த காலத்துல அது வேலை செஞ்சிருக்கும். இன்னிக்கு? எங்க தம்பி சத்தியம் பண்ணிடுவான். பொய் சத்தியம்னு நான் சொல்ல மாட்டேன். அவன் கணக்குல அதுதான் பழைய வரப்பு. என் கணக்குல இதுதான். ரெண்டு பேரும் மனசாரச் சத்தியம் பண்ணினா சாமி என்ன பண்ணும்?

கிராம முன்சீப்பு முறையும் அப்படித்தான் போச்சு. 1816ல இருந்தே சென்னை மாகாணத்துல சின்னச் சின்ன வழக்கை ஊர் முன்சீப்பே விசாரிக்கலாம்னு இருந்தது. ஊரைத் தெரிஞ்ச ஆள், நாலு பேரைக் கூப்பிட்டு விசாரிச்சு முடிப்பார். நல்லதும் உண்டு, ஆனா அவர் யார் வீட்டு ஆள்ங்கறதைப் பொறுத்துத்தான் சிலருக்கு நியாயம் கிடைச்சிருக்கும். 1980ல அந்தப் பரம்பரைப் பதவிகளை ஒழிச்சு, பின்னாடி வி.ஏ.ஓ. வந்தாங்க. ஊருக்கு முகம் தெரிஞ்சவர் சொல்ற நியாயம் போய், முகம் தெரியாதவர் காகிதத்தைப் பார்த்துச் சொல்ற நியாயம் வந்தது. முகம் தெரியாதவருக்குக் காகிதம்தான் கண். அதனாலதான் அந்தக் காகிதம் நெசமாங்கற கேள்வி இவ்வளவு பெருசாச்சு.

காகிதத்துல கையெழுத்து போடத் தெரியாதவங்க என்ன செய்வாங்க? இதுக்கும் ஒரு கதை இருக்கு. 1858ல வங்காளத்துல ஜங்கிப்பூர்ங்கற ஊர்ல வில்லியம் ஹெர்ஷல்னு ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார். ரோட்டுக்குச் சரளை சப்ளை பண்ண ராஜ்யதர் கோனாய்ங்கற காண்டிராக்டர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். நாளைக்கு ‘இது நான் எழுதினதே இல்லை’ன்னு சொல்லிடுவாரோன்னு ஹெர்ஷலுக்குப் பயம். ஆபீஸ் முத்திரைக்கு வெச்சிருந்த மையை அவர் உள்ளங்கை முழுக்கத் தடவி ஒப்பந்தத்துக்குப் பின்னாடி பதிச்சுக்கிட்டார். கைரேகையை அடையாளமா உலகம் எடுத்துக்கிட்டதுல இது ஒரு முக்கியமான தொடக்கம். தொடங்கினது திருடனைப் பிடிக்க இல்லை, ஒரு சரளைக் கணக்குக்காக!

1897ல கல்கத்தாவுல கைரேகைக்குன்னே ஒரு அலுவலகம் வந்தது. அஸீஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ்னு ரெண்டு நம்ம ஆளுங்க அங்க உட்கார்ந்துதான் ரேகைகளை வகை பிரிக்கற கணக்கைச் சரிபண்ணினாங்க. பேர் மட்டும் அவங்க மேலதிகாரி ஹென்றிக்குப் போச்சு.

அதே வருஷம் ஜல்பைகுரியில ஒரு தேயிலைத் தோட்ட மேனேஜரைக் கழுத்தறுத்துக் கொன்னுட்டுப் பணத்தைத் திருடிட்டாங்க. அங்க கிடந்த ஒரு பஞ்சாங்கத்துல ரத்தக்கறையோட பெருவிரல் ரேகை. ஏற்கெனவே திருட்டுக்கு உள்ள போய்வந்த பழைய வேலைக்காரர் காங்காலி சரண் ரேகையோட அது பொருந்திப்போச்சு. வழக்கு நடந்தது. தீர்ப்பு என்ன தெரியுமா? திருட்டுக்குத் தண்டனை, கொலைக்கு விடுதலை. விரல் அங்க இருந்ததுக்கு ரேகை சாட்சி. கத்தியைப் பிடிச்சதைப் பார்த்தது யாரு? புது விஞ்ஞானத்தை நம்பி ஒரு உயிரைத் தூக்குல போட கோர்ட்டுக்கு மனசு வரலை. பாதி தூரம் வந்து நின்னுச்சு. 1899ல சாட்சியச் சட்டத்தையே திருத்தி, கையெழுத்து நிபுணர் மாதிரி கைரேகை நிபுணரும் சாட்சி சொல்லலாம்னு சேர்த்தாங்க.

எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில 1961ல தாத்தா வாங்கின கிரையப் பத்திரம் இருக்கு. வித்தவர் கைநாட்டுதான். நீல மை மங்கிப்போய்க் கிடக்கு, ஆனா ரேகை ஓடறது தெரியும். ரெண்டு புயல், ஒரு கூரை தீ, மூணு பாகப்பிரிவினை எல்லாத்தையும் தாண்டி வந்த காகிதம். 1872ஆம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்துல இதுக்கு ஒரு மரியாதை கொடுத்திருந்தாங்க. 30 வருஷத்துக்கு மேல ஆன பத்திரம், இருக்கவேண்டிய ஆள்கிட்ட இருந்து வந்தா, அதுல இருக்கற கையெழுத்து உண்மைன்னு கோர்ட்டு எடுத்துக்கலாம். எழுதினவரும் சாட்சியும் செத்துப்போயிருப்பாங்க இல்லையா, அதுக்குத்தான். புதுச் சட்டத்துலயும் அந்த 30 வருஷம் அப்படியே இருக்கு. கம்ப்யூட்டர் ஆவணத்துல போட்ட மின் கையெழுத்துக்கு மட்டும் 5 வருஷம் போதுமாம்! அது சரிதான். என் போன் மூணு வருஷம்கூட முழுசா உழைக்கலையே.

புத்தகத்துக்குப் பின்னாடி ஒரு மைக்

டேப் ரிக்கார்டர் வந்தப்ப கோர்ட்டு என்ன செஞ்சது? பம்பாய்ல ஒருத்தர் மாநகராட்சி கிளார்க் ஒருத்தருக்கு லஞ்சம் கொடுக்க வந்தார். கிளார்க் நேர்மையான ஆள், போலீசுக்குச் சொல்லிட்டார். அவர் வீட்டு முன்னறையில புத்தகங்களுக்குப் பின்னாடி மைக்கை ஒளிச்சு வெச்சு, உள்ளறையில டேப் ஓடிச்சு. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போய் 1967ல தீர்ப்பு வந்தது. ஒரு சம்பவத்தை போட்டோ எடுத்தா எப்படியோ, பேச்சை டேப் எடுத்தாலும் அப்படித்தான், சாட்சியமா எடுத்துக்கலாம்னு சொன்னாங்க. ஆனா கூடவே ஒரு குட்டும் வெச்சாங்க. அந்த டேப்புக்கு சீல் வைக்கலை. டேப்பை அழிக்கறதும் மாத்தறதும் சுலபம், சீல் வைக்காட்டி இடையில கை வெச்சிருக்கலாம்னு சந்தேகம் வரத்தானே செய்யும்னு. அந்த வழக்குல டேப்பை மாத்திட்டாங்கன்னு எதிர்த்தரப்பு சொல்லாததால அது தப்பிச்சது.

இத்தனை நாள் யார் கையில இருந்தது? கிழவர் தன் மூல ஓலைக்குச் சபைகிட்ட உறுதி வாங்கினாரே, அதே கவலைதான்.

அப்புறம் கம்ப்யூட்டர். 2000ல தகவல் தொழில்நுட்பச் சட்டம் வந்தப்ப சாட்சியச் சட்டத்துல 65பின்னு ஒரு பிரிவைச் சேர்த்தாங்க. கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்த நகலைக் காட்டினா, அது எந்த மெஷின்ல இருந்து, எப்படி எடுத்ததுன்னு பொறுப்பான ஆள் ஒரு சான்றிதழ் கொடுக்கணும். பல வருஷம் அதை யாரும் பெருசா கண்டுக்கலை. 2014ல கேரளாவோட ஏறநாடு தொகுதித் தேர்தல் வழக்குல சுப்ரீம் கோர்ட்டு கறாரா சொல்லிடுச்சு. தேர்தல் பாட்டும் பேச்சும் பதிஞ்ச சி.டி.க்களைக் கொண்டுவந்தார் வழக்கு போட்டவர். சான்றிதழ் இல்லை. மூலப் பதிவையே கொண்டுவந்திருந்தா வேற விஷயம், நகலுக்குச் சான்றிதழ் இல்லாம முடியாதுன்னு தள்ளிட்டாங்க.

சரி, சான்றிதழ் கொடுக்கவேண்டிய ஆள் கொடுக்க மாட்டேன்னா? இதுதானே நம்மள மாதிரி ஆளுங்களோட பிரச்சினை. மகாராஷ்டிராவுல ஜால்னா தொகுதி வழக்கு இதுக்குப் பதில் சொல்லுச்சு. 2014 தேர்தல்ல மூணு மணிக்குள்ள வேட்புமனு கொடுக்கணும், நேரம் தாண்டிக் கொடுத்தாங்கன்னு புகார். தேர்தல் அதிகாரி அறை வீடியோவே சாட்சி. ஆனா எத்தனை முறை கேட்டும் சான்றிதழ் தரலை. 2020 ஜூலை 14ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னப்ப ரெண்டு பக்கமும் பார்த்தது. நகலுக்குச் சான்றிதழ் கட்டாயம்தான். ஆனா ஒருத்தர் தன்னால ஆனதெல்லாம் செஞ்சும் அடுத்தவர் கையில இருக்கற சான்றிதழ் கிடைக்கலைன்னா, முடியாததைச் செய்னு சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தாது. இன்னொண்ணும் சொன்னாங்க. சொந்த போனையோ லேப்டாப்பையோ அதோட சொந்தக்காரரே கூண்டுல ஏறி, இது என்னுது, இதுலதான் பதிஞ்சேன்னு காட்டினா சான்றிதழே வேண்டாம்.

புரியுதா? அந்தப் போன்தான் மூல ஓலை. அதைத்தான் நான் 1,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன்.

2024 ஜூலை 1ல இருந்து 1872 சட்டம் போய் புது சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்திருக்கு. என் வழக்கு அதுக்கப்புறம் போட்டதால புதுசுதான் பொருந்தும்னு வக்கீலம்மா சொன்னாங்க. இதுல சான்றிதழ் ரெண்டு பகுதி. ஒண்ணு நாம கொடுக்கணும், இன்னொண்ணு நிபுணர். கூடவே ‘ஹாஷ்’ எண்ணு ஒண்ணு எழுதணும். அது என்னன்னா, ஒவ்வொரு ஃபைலுக்கும் கணக்குப் போட்டு வர்ற ஒரு நீள எண். ஃபைல்ல ஒரு புள்ளி மாறினாலும் எண்ணும் மாறிடும். சுருக்கமா, ஃபைலோட கைரேகை. ஹெர்ஷல் காண்டிராக்டர்கிட்ட வாங்கினதை இப்ப வீடியோகிட்டயே வாங்கறாங்க! வாட்ஸப் என்ன பண்ணுது, அனுப்பறப்பவே வீடியோவைச் சுருக்கிடுது, எடுத்த தேதி மாதிரி உள்விவரமும் போயிடுது. அதனால பொண்ணு போன்ல இருக்கறது பார்க்க அதே வீடியோ, ஆனா ரேகை வேற.

திரையில வந்த நீதிபதி

கோர்ட்டு மாறவே மாட்டேங்குதுன்னு நான் சொல்ல வரலை. சில இடத்துல நல்லாவே மாறியிருக்கு.

குற்ற வழக்குல எதிரி முன்னாடிதான் சாட்சி விசாரிக்கணும்னு சட்டம். முன்னாடின்னா என்ன? 2003ல மகாராஷ்டிராவுல இருந்து போன ஒரு வழக்கு. அமெரிக்காவுல இருந்த டாக்டர் சாட்சி சொல்ல ரெடி, இந்தியா வர மட்டும் முடியாதுன்னுட்டார். வீடியோ கான்ஃபரன்ஸ்ல பார்த்துக் கேட்டுக் குறுக்கு விசாரணை பண்ண முடியும்னா அதுவும் ‘முன்னாடி’தான்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. சட்டத்துல ஒரு எழுத்து மாத்தலை, ஒரு வார்த்தைக்கு இருந்த அர்த்தத்தை விரிச்சாங்க.

2020ல கொரோனா வந்தப்ப அந்தத் தீர்ப்பு எவ்வளவு உதவுச்சுன்னு நெனச்சுப் பாருங்க. ஏப்ரல் 6ஆம் தேதி நாட்டுல எல்லாக் கோர்ட்டும் வீடியோவுல விசாரிக்க வழி பண்ணி உத்தரவு வந்தது. வழக்கு போடற கெடுவெல்லாம் மார்ச் 15ல இருந்து நிறுத்தி வெச்சாங்க. ஜூலையில நோட்டீஸை வாட்ஸப்ல கூட அனுப்பலாம்னாங்க. ஊர்ல அமீனா வந்து கதவுல ஒட்டிட்டுப் போறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். 2022 செப்டம்பர்ல இருந்து சுப்ரீம் கோர்ட்டோட அரசியல் சாசன அமர்வு விசாரணையை வீட்டுல உட்கார்ந்தே பார்க்கலாம். இ-கோர்ட்ஸ் திட்டத்தோட மூணாவது கட்டத்துக்கு 2023ல 7,210 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்காங்க. எனக்கு இப்ப வாய்தா தேதி போன் ஆப்லயே வந்துடுது. முன்னெல்லாம் அதைத் தெரிஞ்சுக்கவே ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போகும்.

இன்னொரு மாற்றமும் இருக்கு, நாம கவனிக்கறதே இல்லை. எனக்காக நிக்கறது ஒரு வக்கீலம்மா. 1923ல தனியா ஒரு சட்டம் போட்டுத்தான் பொம்பளைங்க வக்கீல் தொழில் பண்ணத் தடையில்லைன்னு ஆக்கினாங்க. தாத்தா காலத்து ஆளுங்க பார்த்தா போனை விட இதுக்குத்தான் வாயைப் பிளப்பாங்க.

அப்ப நான் என்னதான் சொல்ல வர்றேன்?

வக்கீலம்மாகிட்ட பேசிட்டு வந்த அன்னிக்கு எனக்குக் கோவம்தான். கண்ணால பார்த்ததைப் படம் பிடிச்சுக் காட்டறேன், அதுக்கு மேல என்ன ரேகை, என்ன சான்றிதழ்? கரும்பு வெட்டறவனுக்கு ஹாஷ் எண் தெரியுமா? இந்தக் கோவத்துல நியாயம் இருக்குன்னுதான் இப்பவும் நெனைக்கறேன். பத்திரம் தொலைஞ்சா சார் பதிவாளர் ஆபீஸ்ல நகல் வாங்கிக்கலாம். அந்த ஏற்பாடு யாரோ யோசிச்சுப் பண்ணினது, அதனாலதான் படிக்காத என் தாத்தா மாதிரி ஆளும் தன் நிலத்தைக் காப்பாத்த முடிஞ்சது. என் வீடியோவுக்கு நகல் எந்த ஆபீஸ்ல கிடைக்கும்? கேள்வியைக் கோர்ட்டு கேட்குது, சரி. அதுக்குப் பதில் சொல்ற வழியை ஊருக்குள்ள யாரும் சொல்லித் தரலையே. கட்டாயப் பதிவு வந்தப்ப ஊருக்கு ஊர் பத்திரம் எழுதறவங்க வந்த மாதிரி, இதுக்கும் தாலுகாவுக்கு ஒருத்தராவது வேணும்.

ஆனா ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சப்ப வேற ஒண்ணு தோணுச்சு. நாளைக்கு என் தம்பி ஒரு ஆடியோ கொண்டு வர்றான்னு வெச்சிக்கங்க. “அண்ணனே ஒத்துக்கிட்டார், கேளுங்க”ன்னு போட்டுக் காட்டறான். என் குரல்தான், நான் பேசாத பேச்சு. இப்ப அதைச் செய்யறது பெரிய வித்தை இல்லை, போன் வெச்சிருக்கற பையனே செஞ்சுடுவான். அன்னிக்கு நான் என்ன கேட்பேன்? மூலம் எங்க, எந்தப் போன்ல எடுத்த, இத்தனை நாள் யார்கிட்ட இருந்ததுன்னுதானே கேட்பேன். அப்ப இந்தக் கேள்வி என் கழுத்தைப் பிடிக்க வந்தது மட்டும் இல்லை, எனக்குக் காவலும் அதுதான். தம்பிக்கு ஒரு நியாயம் எனக்கு ஒரு நியாயம்னு கேட்க முடியாது.

இதைப் படிக்கறவங்களுக்கு என் அனுபவத்துல ரெண்டு வார்த்தை. தகராறு சம்பந்தமா போட்டோ, வீடியோ எடுத்தா அந்தப் போனை விக்காதீங்க, அழிக்காதீங்க. உடைஞ்சாலும் டிரங்குப் பெட்டியில பத்திரத்தோட போட்டு வைங்க. எடுத்த அன்னிக்கே வக்கீல்கிட்ட காட்டிச் சான்றிதழ் பத்திக் கேளுங்க. வாட்ஸப்ல அனுப்பிட்டோம்னு நிம்மதியா இருக்காதீங்க, அது படி ஓலை.

என் வழக்கு முடிஞ்சுடலை. பொண்ணு போன்ல இருக்கறதுக்கு அவ பேர்லயே சான்றிதழ் கொடுத்துப் பார்க்கலாம், தேவைப்பட்டா அவளே வந்து சாட்சி சொல்லணும்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க. சித்தப்பாவுக்கு எதிரா கூண்டுல ஏறணுமான்னு அவ ரெண்டு நாளா போன்ல தயங்கறா. அந்தத் தயக்கத்துக்கு எந்தச் சட்டத்துலயும் பிரிவு இல்லை. கோர்ட்டு மூலமா ஒரு கமிஷனர் சர்வேயரோட வந்து புலப்படத்தை வெச்சு அளக்கவும் மனு போட்டிருக்கோம். பிடுங்கிப் போட்ட கல் இன்னும் புளியமரத்தடியிலதான் கிடக்கு. நானும் தொடலை, தம்பியும் தொடலை.

அடுத்த வாய்தா ஐப்பசியில. போன முறை போல இந்த முறையும் ரெண்டு பேரும் ஒரே பஸ்லதான் போயாகணும், எங்க ஊருக்கு அந்த நேரத்துல ஒரு பஸ்தான். போன முறை அவன்தான் எனக்கு சீட்டு பிடிச்சு வெச்சிருந்தான்.

கரண்டு போயிடுச்சு. மடை மாத்தணும், வர்றேன்.